பட்டுப்புடவைய ட்ரை வாஷ் குடுக்கறதுக்கு முன்னாடி கறை என்னன்னு சொல்லிடுங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க சித்தப்பா ட்ரை க்ளீனிங் கடை வச்சிருந்தப்போ ஏழு வருஷம் நான்தான் கவுண்டர்ல உக்காந்து துணி வாங்கிப் போடுவேன். வர்றவங்கள்ல பாதி பேரு கறை இருக்கற இடத்த உள்பக்கமா மடிச்சுதான் குடுப்பாங்க, இது எண்ணெய்யா பாயசமான்னு கேட்டா "நீங்க போடுங்கண்ணே, அதெல்லாம் போயிடும்"னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு போயிடுவாங்க. ஒரு அம்மா அவங்க பொண்ணோட கூரைப்புடவைய கொண்டு வந்தாங்க, கல்யாணத்துல இளநீர் தெறிச்சிருக்கு, காய்ஞ்சதும் ஒண்ணுமே தெரியல, அதனால அவங்களும் சொல்லல நாங்களும் பாக்கல. மெஷின்ல போட்டு எடுத்து இஸ்திரி சூடு பட்டதும் முந்தி பூரா பழுப்பா திட்டு திட்டா எழும்பிடுச்சு. கவுண்டர்ல விரிச்சு வச்சு விரலால தடவிக்கிட்டே பேசாம நின்னாங்க. அதனாலதான் இத எழுதறேன்.

முதல்ல ட்ரை வாஷ்னா என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். துணி நனையாதுன்னு நினைக்காதீங்க, நல்லாவே நனையும், ஆனா தண்ணியில இல்ல, சால்வென்ட்ல. பெரிய கடைங்கள்ல பெர்க்லோரோ எத்திலீன், சுருக்கமா பெர்க்னு சொல்லுவாங்க, சின்ன கடைங்கள்ல எம்டிஓன்னு ஒரு மினரல் டர்பன்டைன் எண்ணெய், பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது, நம்ம ஊர்ல பெட்ரோல் வாஷ்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். தண்ணி பட்டா பட்டு, கம்பளி நூலெல்லாம் ஊதும், அப்புறம் காயும்போது சுருங்கும், சாயம் கழண்டு பக்கத்துல ஏறும், பட்டோட மினுமினுப்பு போயிடும். சால்வென்ட்ல நூல் ஊதாது. அதேசமயம் நெய், தலை எண்ணெய், லிப்ஸ்டிக், மெழுகு எல்லாத்தையும் கரைச்சு எடுத்துடும்.

மெஷின் பாக்கறதுக்கு வீட்டு ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின பெருசாக்கின மாதிரி இருக்கும். டேங்க்ல இருக்கற சால்வென்ட்ல கொஞ்சம் சோப்பு சேர்த்து துணி மேல விடும், அது ஃபில்டர் வழியா சுத்தி சுத்தி வரும், அப்புறம் பிழிஞ்சு மிதமான சூட்டுல காத்து விட்டு காய வைக்கும், அந்த காத்துல வர்ற ஆவிய குளிர வச்சு திரும்ப டேங்க்குக்கே அனுப்பிடும். அழுக்கான சால்வென்ட்ட காய்ச்சி வடிக்கணும், பெர்க் 121 டிகிரியில கொதிக்கும், ஆவியாகி சுத்தமா வந்துடும், அடியில அழுக்கு சேறு மாதிரி தங்கும். இத ஒழுங்கா செய்யாத கடையில வெள்ளை துணி குடுத்தீங்கன்னா சாம்பல் கலர்ல வரும், நாத்தமும் இருக்கும். வெள்ளை பட்டு வேட்டி குடுக்கறவங்க "வெள்ளைய தனியா போடுவீங்களா"ன்னு கேட்டே ஆகணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சால்வென்ட் எண்ணெய்ய எடுக்கும், ஆனா சர்க்கரை, உப்பு, வேர்வை, ஜூஸ், இளநீர் இதெல்லாம் தண்ணியில கரையறது, அத சால்வென்ட் தொடவே தொடாது. அதுக்கு மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் மேஜையில துணிய விரிச்சு கையால ஸ்பாட்டிங் பண்ணணும், கொஞ்சமா தண்ணி, அதுக்கேத்த மருந்து, நீராவி, காத்துன்னு மாத்தி மாத்தி. காபி, டீ, இளநீருக்கு ஒரு மருந்து, பாலுக்கும் ரத்தத்துக்கும் வேற மருந்து. பால், ரத்தம் மாதிரி கறைக்கு சூடு காட்டிட்டா அப்படியே நூல்ல பிடிச்சுக்கும். அதனாலதான் கறை என்னது, எப்ப பட்டது, வீட்ல என்ன போட்டு தேச்சீங்க, இந்த மூணையும் சொல்லணும், மூணாவத எல்லாரும் மறைப்பாங்க, அதுதான் ரொம்ப முக்கியம். மஞ்சள் கறையில சோப்பு போட்டா சிவப்பாயிடும், அப்புறம் பாக்கறவருக்கு அது குங்குமமா மஞ்சளான்னே தெரியாது. வாழைக்கறை பட்டுல ஏறினா முழுசா போறது ரொம்ப கஷ்டம், போயிடும்னு உறுதி குடுக்கற கடைய நான் நம்ப மாட்டேன்.

வீட்ல கறை பட்ட உடனே செய்ய வேண்டியது ஒத்தி எடுக்கறது மட்டும்தான், சுத்தமான வெள்ளை காட்டன் துணி, தேய்க்கவே கூடாது. ஈரத்துல பட்டு நூல் வலு குறைஞ்சிருக்கும், தேய்ச்சா நூல் பிசிறி அந்த இடம் மட்டும் வெளுத்த மாதிரி தெரியும், அத எந்த கடையாலயும் சரி பண்ண முடியாது.

மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துலயும் பாண்டி வைத்திக்குப்பத்துலயும் சாமி கடலுக்கு வரும்போது பட்டு கட்டிக்கிட்டு அலையில கால் நனைக்காதவங்க யாரு. ஆனா அந்த கடல் தண்ணி காய்ஞ்சு கீழ் பார்டர்ல உப்பா தங்கும், ட்ரை வாஷ்ல அது போகாது, ஜரிகைய கறுக்க வைக்கறதுல உப்புக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கு வந்ததும் புடவையோட உள் ஓரத்துல ஈர வெள்ளைத் துணிய ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்க, சாயம் ஒட்டலன்னா பார்டர மட்டும் நல்ல தண்ணி நனைச்ச துணியால ரெண்டு மூணு தடவை ஒத்தி நிழல்ல காய விடுங்க. சாயம் ஒட்டுச்சுன்னா கைய வைக்காதீங்க, மறுநாளே கடைக்கு கொண்டு போய் "கடல் தண்ணி"ன்னு சொல்லுங்க.

லேபிள் பத்தி கொஞ்சம். வட்டம் போட்டிருந்தா ட்ரை க்ளீன் பண்ணலாம், உள்ள பி, எஃப்னு இருக்கற எழுத்து எந்த சால்வென்ட்னு கடைக்காரருக்கு சொல்றது, வட்டத்து மேல பெருக்கல் குறி இருந்தா குடுக்கவே கூடாது. காஞ்சிபுரம் புடவையில பெரும்பாலும் இது இருக்காது, சில்க் மார்க் அட்டை பட்டு அசல்னு மட்டும்தான் சொல்லும். ஒட்டு கல்லு, பிளாஸ்டிக் மணி, சமிக்கி வச்ச டிசைனர் புடவைய கண்டிப்பா காட்டி கேளுங்க, பெர்க்ல பசை இளகி கல்லு கொட்டும், சில வகை மணி கரைஞ்சே போயிடும். கோட்டு சூட்டு வீட்ல நனைக்காதீங்க, உள்ள ஒட்டியிருக்கற கேன்வாஸ் விட்டுப்போய் நெஞ்சுல கொப்புளம் மாதிரி எழும்பும்.

ஒவ்வொரு தடவை கட்டினதுக்கும் வாஷ் வேண்டாம். ராத்திரி ஃபேனுக்கு கீழ கொடியில போட்டு வேர்வை காய விட்டாலே போதும், மூணு நாலு தடவை கட்டினப்புறம் குடுக்கலாம். கறை பட்டா மட்டும் காத்திருக்காதீங்க.

திரும்ப வாங்கறப்போ பிளாஸ்டிக் கவரோட பீரோல வைக்காதீங்க, நம்ம கடலோர ஈரத்துல உள்ள வேர்த்து பூஞ்சை பிடிச்சிடும். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க பாட்டி வீட்டு ஓடு பறந்து பீரோக்குள்ள தண்ணி இறங்குச்சு, கரண்ட் இல்லாத நாள்ல திறந்து பாக்கவே இல்ல, பழைய வேட்டியில சுத்தி வச்சிருந்த புடவைங்க தப்பிச்சுது, கவர்ல இருந்ததெல்லாம் கரும்புள்ளி. அதனால வெள்ளை காட்டன் துணியில சுத்துங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்ப மாத்துங்க, இல்லன்னா ஜரிகை மடிப்புலயே ஒடியும். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு வெயில் வந்ததும் எல்லாத்தையும் நிழல்ல ஒரு நாள் காத்தாட போடுங்க. அந்துருண்டை ஜரிகை மேல படவே கூடாது, வசம்பு துண்டு ரெண்ட சின்ன துணிப்பையில கட்டி மூலையில போட்டா போதும்.

பெர்க் உடம்புக்கு நல்லதில்ல, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அத புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியல்ல வச்சிருக்கு, மெஷின் பக்கத்துலயே நிக்கற தொழிலாளிங்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். வாங்கற துணியில மருந்து நாத்தம் தூக்கலா அடிச்சா காய வைச்சது பத்தலன்னு அர்த்தம், திரும்ப காய வைக்க சொல்லுங்க, இல்ல ஜன்னல் ஓரம் ஒரு நாள் தொங்க விட்டு அப்புறம் உள்ள வைங்க.

கடைசியா கவுண்டர்லயே விரிச்சுப் பாருங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல இல்ல, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல, முந்தி, பார்டர், பிளவுஸ் அக்குள். கறை மிச்சம் இருந்தா அங்கேயே சொல்லி திரும்ப ஸ்பாட்டிங்குக்கு குடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டு போய் இஸ்திரி போட்டுடாதீங்க.