திரையில் தங்கம், தாளில் கடுகு: கேன்வா பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன்

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகைப் படம் வந்து விழும். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “அண்ணா, டிசைன் நானே கேன்வாவில் பண்ணிட்டேன். 500 காப்பி மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்க.” (கேன்வா என்பது நாமே டிசைன் போட்டுக்கொள்ள உதவும் ஆப்.) திறந்து பார்த்தால் 1080-க்கு 1080 பிக்சல், இன்ஸ்டாகிராம் பதிவுக்கான சதுரம். அவருக்கு வேண்டியதோ 5-க்கு 7 அங்குலக் கார்டு. அச்சகத்து டிடிபி மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது வாரத்துக்கு நாலு தடவையாவது நடக்கிறது. டிசைன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை நம்மிடம் கொண்டு சேர்க்கிற வழியில்தான் கெட்டுப்போகிறது.

முதலில் அளவு. கையில் வைத்துப் பார்க்கிற அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது தொழிலில் பழகிப்போன கணக்கு. 1080-ஐ 300-ஆல் வகுத்தால் 3.6. அந்தச் சதுரம் மூன்றரை அங்குலத்துக்குத்தான் தெளிவாக வரும். அதற்கு மேல் இழுத்தால் முகம் மாவு பூசினது போலாகும். 5-க்கு 7 கார்டுக்குக் குறைந்தது 1500-க்கு 2100 வேண்டும். அதனால் டிசைனைத் தொடங்கும்போதே அளவை அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ கொடுங்கள். முடித்த பிறகு சதுரத்தை நீள்சதுரமாக்குவது புது டிசைன் போடுகிற வேலைதான்.

இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. அளவைச் சரியாக வைத்துவிட்டு, டவுன்லோடு செய்து இறக்கும்போது அப்படியே பிஎன்ஜி படமாகக் கொடுத்தால் 5-க்கு 7 கார்டு வெறும் 480-க்கு 672 பிக்சலாக வந்து நிற்கும். கேன்வா அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்குப் போடுகிறது. ‘பிடிஎஃப் பிரின்ட்’ என்ற வகையில் இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. அந்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக இணைத்து அனுப்புங்கள். கேலரியிலிருந்து படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது ப்ளீட், அதாவது வெட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே விடுகிற பின்னணி. இதை நானே ஒரு முறை கோட்டைவிட்டிருக்கிறேன், அதுவும் அக்கா மகளின் வளைகாப்புப் பத்திரிகையில். ஓரம் வரை அரக்குச் சிவப்புப் பின்னணி. ராத்திரி அவசரத்தில் சரியாக 5-க்கு 7 என்றே ஃபைலை ஓட்டிவிட்டேன். மறுநாள் கட்டிங் முடிந்து வந்த அடுக்கில் பல கார்டுகளின் வலது ஓரத்தில் நூல் பிடித்தது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. “ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கிறே, நமக்குன்னா இப்படியாடா?” என்று அக்கா கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

காரணம் எளிது. கார்டை யாரும் ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. பெரிய தாளில் பல கார்டுகளை அடித்து, நூற்றுக்கணக்கில் அடுக்கி, ஒரே வெட்டாக வெட்டுகிறோம். அடுக்கில் தாள் அரை மில்லிமீட்டராவது நகரும். அதனால் பின்னணி நிறமோ படமோ வெட்டுக் கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே ஓட வேண்டும். கேன்வாவில் ப்ளீட் கோட்டைக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு வெளியே வரை பின்னணியை இழுத்துவிட்டு, இறக்கும்போது ‘கிராப் மார்க்ஸ் அண்ட் ப்ளீட்’ என்பதில் டிக் போட வேண்டும். டிக் மட்டும் போட்டு பின்னணியை இழுக்காமல் விடுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் அதே வெள்ளைக் கோடு வரும்.

வெளியே 3 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 5 மில்லிமீட்டருக்கு எழுத்து எதுவும் வராமல் இருப்பது நல்லது. ஓரத்தை ஒட்டிச் சுற்றிலும் மெல்லிய பார்டர் போடும் ஆசையை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வெட்டு இம்மி நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும்.

அப்புறம் தங்கம். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ஏமாறும் இடம் இது. திரையில் மஞ்சளும் பழுப்பும் கலந்து மின்னுவது வெளிச்சத்தின் வித்தை. மல்டிகலர் அச்சில் இருப்பது சயான், மஜென்டா, மஞ்சள், கருப்பு என்ற நாலு மை. இந்த நாலிலிருந்து தங்கம் வராது, கடுகுதான் வரும். உண்மையான மினுமினுப்பு வேண்டுமென்றால் ஃபாயில் (மினுங்கும் மெல்லிய தங்க நிறத் தகடு) போட வேண்டும், அல்லது தனியாகத் தங்க மை ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் தனிச் செலவு. கிளிப்பச்சையும் பளீரென்ற நீலமும் இதே கதைதான். தாளில் ஒரு படி மங்கும், நீலம் சில சமயம் ஊதாவாகத் திரும்பும். கேன்வாவில் நாலு மை வண்ணத்துக்கு மாற்றி இறக்கும் வசதி காசு கட்டியவர்களுக்கு மட்டும். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் அச்சகத்தில் மாற்றித் தரச் சொல்லி, ஒரு கலர் புரூஃப், அதாவது மொத்தமாக அடிக்கும் முன் எடுக்கிற மாதிரித் தாள், பார்த்துவிடலாம். செல்போனில் பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு தாளை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மட்டும் வேண்டாம்.

கருப்பு எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. திரைக் கருப்பு மாற்றப்படும்போது நாலு மையும் கலந்த கருப்பாகிவிடும். ஒவ்வொரு மைக்குமான அச்சுப் பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். “மேட்டர் மட்டும் சிங்கிள் பிளாக்கில் வரட்டும்” என்று, அதாவது எழுத்து கருப்பு மை ஒன்றில் மட்டும் வரட்டும் என்று, சொன்னால் அச்சகத்தில் புரிந்துகொள்வார்கள்.

இனி தமிழ் எழுத்து. அழகான ஆங்கில ஃபான்ட் ஒன்றைப் பிடித்துப்போய் அதில் தமிழைத் தட்டினால் எழுத்து தெரியும். ஆனால் அது அந்த ஃபான்ட் இல்லை. அதில் தமிழே கிடையாது என்பதால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறொன்றை எடுத்துப் போட்டிருக்கும். ஹிந்த் மதுரை, முக்தா மலர், பாலூ தம்பி போலத் தமிழுக்கென்றே எழுத்து வரைந்த ஃபான்ட்டாகப் பார்த்து எடுங்கள். எடுத்ததும் ‘ஸ்ரீ’ சரியாகச் சேர்ந்து வருகிறதா என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். பத்திரிகையில் முதலில் வருவதே அதுதானே! பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் தட்டிய மேட்டரை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கலந்துகட்டி வரும். இப்போது எல்லா போனும் கணினியும் பயன்படுத்தும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

பிடிஎஃப்பை அனுப்பிவிட்டு “மாமா பேரை மட்டும் மாத்திடுங்க” என்று கேட்பதையும் தவிர்க்கலாம். எங்கள் மென்பொருளில் அதைத் திருத்தத் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவது சகஜம். நீங்களே கேன்வாவில் மாற்றி மறுபடி இறக்குவது 2 நிமிட வேலை.

கார்டு இல்லாமல் ஆண்டுவிழா மலர் மாதிரி நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால், பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். 18 பக்கம் கொண்டுவந்தால் 2 பக்கம் காலியாகப் போகும், அல்லது விளம்பரம் தேட வேண்டும். பக்கங்களை 1, 2, 3 என்று தனித்தனியாகவே கொடுங்கள். சேர்த்து அடுக்குவது எங்கள் பாடு.

கடைசியில் வீட்டுப் பிரின்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ போடாமல், அசல் அளவில். தாளில் படித்தால் திரையில் சிக்காத பிழை சிக்கும். தேதிக்கு எதிரே கிழமை சரியா, நட்சத்திரம் சரியா, தாத்தா பெயரின் இனிஷியல் சரியா என்று வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். மண்டப வழிக்கு கியூஆர் வைத்திருந்தால் அந்தத் தாளிலிருந்தே ஸ்கேன் செய்து பாருங்கள். போன மாதம் ஒருவர் அரக்குப் பின்னணியில் தங்க நிறத்தில் கியூஆர் வைத்திருந்தார். மூன்று போனில் முயன்றோம். எடுக்கவே இல்லை. வெள்ளைக் கட்டத்தில் கருப்பாக மாற்றியதும் முதல் போனிலேயே மண்டபம் வந்துவிட்டது.