காட்டாறு நிறைந்து ஓடும்போது: கோடஞ்சேரி ஆறுகளில் வெள்ளநீர் கயாக்

கோழிக்கோட்டுக்குக் கிழக்கே வெள்ளரிமலைப் பக்கம் பிறந்து இறங்கும் இருவஞ்சிப்புழாவும், அதில் வந்து கலக்கும் சாலிப்புழாவும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமே கயாக் (இருபக்கத் துடுப்பால் ஓட்டும் மூடிய சிறு படகு) விடத் தகுந்த ஆறுகள். மழை நாலு நாள் ஓய்ந்தால் பாறை தலைகாட்டும்; ஒரே இரவு கொட்டினால் கரை தொடும். 2013 முதல் இங்கே நடந்துவரும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் விழாவால், இந்த ஆற்றங்கரைகளில் உள்ள புலிக்கயமும் எலந்துகடவும் வெளிநாட்டுக் கயாக்காரர்களுக்கும் தெரிந்த பெயர்கள் ஆகிவிட்டன. விழா நாட்களில் கரையெங்கும் மீட்புக் குழு கயிறோடு நிற்கும். இந்தக் குறிப்பு அந்தக் காவல் இல்லாத நாளுக்கானது.

யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண நீர்மட்டத்தில் நாலாம் தர (கடினத்தைக் குறிக்கும் ஆறு தரங்களில் நாலாவது) ஆற்றைப் பதற்றமில்லாமல் ஓடி முடிப்பவர், ஓடும் நீரில் கவிழ்ந்தால் படகை விட்டு வெளியேறாமல் இரண்டு பக்கமும் ரோல் செய்து (புரண்டு) எழுபவர் மட்டும் மேலே படிக்கலாம். குளத்தில் எழுந்து காட்டிய ரோல் கணக்கில் வராது.

வெள்ளம் வந்தால் அலை பெரிதாவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆளை மாட்டிவிடுவது வேறு: நிற்க இடம் குறைந்துவிடுகிறது. பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் ஒதுக்கை எடி என்பார்கள். குறைந்த நீரில் இருபது எடி இருந்த இடத்தில் வெள்ளத்தில் மூன்றுதான் மிஞ்சும். தனித்தனியாக இருந்த நாலு ரேப்பிட்கள் (பாறைகளுக்கிடையே நீர் கொந்தளித்துப் பாயும் இடங்கள்) இடையில் ஓய்வே இல்லாமல் ஒன்றாகிவிடும். ஆகவே எந்த ரேப்பிடை எப்படி ஓடுவது என்ற கேள்விக்கு முன்னால், எங்கெங்கே நிற்க முடியும் என்று பட்டியல் போடுங்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே உள்ளது எவ்வளவு நீளமானாலும் அது ஒரே ரேப்பிட். அதன் கடைசி அடிவரை கரையில் நடந்து பார்த்த பிறகுதான் முதல் துடுப்பு போட வேண்டும்.

ஆறு ஏறுகிறதா, இறங்குகிறதா

மட்டத்தை விட முக்கியம் அது போகும் திசை. நிறைந்து ஓடினாலும் இறங்கிக்கொண்டிருக்கும் ஆற்றை நம்பலாம். பாதிதான் இருந்தாலும் ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றை நம்பக் கூடாது. படகை இறக்கும் இடத்துக்கு வந்ததும் நீர் தொடும் கோட்டில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். சாமான் கட்டும் 20 நிமிடத்தில் அது சொல்லிவிடும். 5 செ.மீ. மூழ்கியிருந்தால் மணிக்கு 15 செ.மீ. ஏறுகிறது என்று பொருள். குறுகலான பாறை இடுக்கில் அது இரண்டு மூன்று மடங்காகத் தெரியும். அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்புவது நல்லது.

குச்சி வைக்க நேரமில்லை என்றால் கரைப்புல்லைப் பாருங்கள். பச்சையாக, சேறு படாமல் நீருக்குள் நின்று ஆடும் புல், ஆறு இப்போதுதான் அங்கே ஏறியதைக் காட்டும். நீருக்கு மேலே சேறு பூசிப் படுத்துக்கிடக்கும் புல், ஆறு அங்கிருந்து இறங்கியதைக் காட்டும். நிறத்திலும் செய்தி உண்டு. பச்சை நீர் டீ நிறமாவதில் பெரிய ஆபத்தில்லை. செம்மண் நிறமாகி, சருகும் சுள்ளியும் கூட்டமாக வந்தால் மேலே எங்கோ புதுவெள்ளம் புறப்பட்டுவிட்டது. முழு மரம் ஒன்று மிதந்து போனால் வேறு அத்தாட்சி வேண்டாம். அடியில் பாறை உருளும் 'டொம் டொம்' சத்தம் படகுக்குள் கேட்டாலும் அப்படியே.

தலைக்கு மேல் வெயில் அடிப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த ஆறுகளின் நீர் மலைமுகட்டில் பெய்வது. இந்திய வானிலைத் துறை கோழிக்கோடு, வயநாடு இரண்டு மாவட்டங்களுக்கும் விடுக்கும் எச்சரிக்கையைக் காலையில் பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மழை எதிர்பார்க்கப்படுகிறது. சிவப்பு அதற்கும் மேல். இவ்வளவு செங்குத்தான, குட்டையான ஆற்றுக்கு ஆரஞ்சே போதும், வேண்டாம் என்று சொல்ல. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையைப் புதைத்த நிலச்சரிவு இதே மலைத்தொடரில்தான் நடந்தது. மாவட்ட நிர்வாகம் ஆற்றில் இறங்கத் தடை போட்டிருந்தால் வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தை அளப்பதும் எளிது. கரையில் 10 மீட்டர் நடந்து அளந்து, ஒரு குச்சியை வீசி நேரம் பாருங்கள். 5 விநாடி என்றால் சமாளிக்கலாம். 3 விநாடி என்றால் நீர் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிர்த்துத் துடுப்பு போட்டு மேலேற நல்ல கயாக்காரராலும் முடியாது. வேகம் இரட்டித்தால் பாறையில் சிக்கிய படகின் மேல் விழும் விசை நாலு மடங்கு. குறைந்த நீரில் இருவர் கையால் இழுத்தெடுத்த படகு வெள்ளத்தில் கயிறும் கப்பியும் போட்டாலும் அசையாமல் நிற்பது இதனால்தான்.

படகும் சாமானும்

2.4 முதல் 2.7 மீட்டர் நீளமுள்ள கிரீக் படகு (செங்குத்தான ஓடைகளுக்கான பருத்த கயாக்). 70–80 கிலோ ஆளுக்கு 280–350 லிட்டர் கொள்ளளவு இருக்க வேண்டும். விளையாட்டுக்கான சிறு படகு நுரையில் மேலே வராது. பின்பகுதியில் இருபுறமும் காற்றுப்பைகளை நிரப்புங்கள். அவை இல்லாமல் நீர் புகுந்த படகு ஏறக்குறைய 300 கிலோ எடையோடு உங்கள் நண்பர்களை நோக்கி மிதந்து வரும்.

லைஃப் ஜாக்கெட் குறைந்தது 70 நியூட்டன் மிதப்பு உள்ளதாக, இடுப்பில் இறுக்கமாக. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது. நுரை என்பது பாதி காற்று, அதில் ஜாக்கெட்டின் மிதப்பும் குறைகிறது. ஹெல்மெட், விசில், ஒரு கையால் திறக்கும் கத்தி, ஸ்ப்ரே ஸ்கர்ட் (நீர் புகாமல் படகின் வாயை இடுப்போடு மூடும் உறை). ஸ்கர்ட்டின் இழுப்புப் பட்டை வெளியே இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறை மூட்டும்போதும் தொட்டுப் பாருங்கள். துடுப்பையோ படகையோ உடம்போடு கட்டும் கயிறு காட்டாற்றில் கூடவே கூடாது.

ஆளுக்கொரு மீட்புக் கயிற்றுப் பை, 15–20 மீட்டர், மிதக்கும் கயிறு. குழுவுக்கு இரண்டு கப்பி, பூட்டுள்ள நாலு காரபினர் (கொக்கி வளையம்), இரண்டு புரூசிக் வளையம் (பெரிய கயிற்றைப் பற்றிக்கொள்ளும்படி சுற்றும் சிறு கயிற்று வளையம்), 4 மீட்டர் நாடா, நாலு துண்டாகப் பிரியும் உதிரித் துடுப்பு. இவற்றை ஒரே படகில் வைப்பது பெரிய தப்பு. சிக்குவது அந்தப் படகாகவே இருக்கலாம்.

ஓடும் விதம்

நாலு பேர் சரியான எண்ணிக்கை. மூவருக்குக் குறைந்தால் இறங்காதீர்கள், ஏழெட்டுப் பேர் ஆனால் மிஞ்சியிருக்கும் எடியில் இடம் போதாது. ஆற்றை அறிந்தவர் முன்னால், மீட்பில் தேர்ந்தவர் கடைசியில். இடைவெளி 20–30 மீட்டர், முன்னவர் எடிக்குள் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தபின் அடுத்தவர். துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினால் 'வா', கிடையாகப் பிடித்தால் 'நில்', ஒரு பக்கம் சாய்த்தால் 'அந்தப் பக்கம் வா'. ஆபத்தை நோக்கி ஒருபோதும் கை காட்டாதீர்கள். இரைச்சலில் அதை 'அங்கே போ' என்றுதான் புரிந்துகொள்வார்கள். விசில் ஒன்று கவனிக்க, மூன்று உதவிக்கு.

வெள்ளத்தில் எடியின் ஓரக்கோடு மெல்லிய கோடாக இருக்காது. குமிழியும் சுழியுமாக ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு வேலியே நிற்கும். மெதுவாக வந்தால் வேலியின் மேலேயே சுழன்று கவிழ்வீர்கள். எடியின் தலைப்பக்கத்தை, பாறையை ஒட்டி, குறி வையுங்கள். வேகத்தோடு, கோட்டுக்கு 45 பாகைக்குக் குறையாமல் குத்துங்கள். திரும்பும் பக்கம் படகைச் சாய்த்து, துடுப்பைக் கோட்டுக்கு அப்பால் எடியின் ஆழத்தில் ஊன்றுங்கள். வெளியேறும்போது சாய்வு நீரோட்டம் போகும் பக்கம். மேல்பக்கம் சாய்ந்தால் நொடியில் தலைகீழ். குறுக்கே கடக்கையில் படகின் மூக்கை மேல்நோக்கி, ஓட்டத்துக்கு 20–30 பாகை மட்டும் திருப்பி வையுங்கள். குறைந்த நீரின் பழக்கத்தில் அகலமாகத் திருப்பிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. நீர் மூக்கைப் பிடித்து இழுத்துவிடும், பிறகு கடக்க நினைத்த ரேப்பிடுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஹோல் என்பது பாறை மேல் விழுந்த நீர் பின்னோக்கிச் சுருளும் குழி. அதன் இரு முனைகளும் ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஓரமாக வெளியேறலாம். முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தால் அது நடுவுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும். நுரை பின்னோக்கி வரும் தூரம் படகின் நீளத்தைத் தாண்டினால் எந்த வடிவமானாலும் விட்டுவிடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் நேராக, முழு வேகத்தில், உடலை முன்னே வளைத்து, துடுப்பு நுரைக்கு அப்பால் பச்சை நீரைப் பிடிக்கும்படி. சிறு வீழ்ச்சிகளில் பூஃப் செய்யும்போது (மூக்கைத் தூக்கி, படகு தட்டையாக விழும்படி தாவும்போது) கடைசித் துடுப்பைத் தள்ளிப் போடுங்கள். வெள்ளத்தில் வீழ்ச்சியின் விளிம்பு உருண்டுவிடுவதால் உண்மையான விளிம்பு கண்ணுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும். பாதம் விளிம்பைக் கடக்கும் கணத்தில் இழுத்தால் மூக்கு மேலே நிற்கும், முந்தினால் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

கரையோரம் பாதுகாப்பு என்ற நினைப்பை இங்கே விட்டுவிடுங்கள். ஆறு அகலமானதும் ஓரநீர் மூங்கிலுக்குள்ளும் தோட்ட வேலிகளுக்குள்ளும் ஓடும். நீரை விட்டு ஆளைப் பிடிக்கும் எதுவும் ஸ்ட்ரெய்னர்தான், அது ஒரு முள்கம்பியாகவும் இருக்கலாம். நடு ஓட்டத்தில் பெரிய அலைகளின் மேல் போவது பல இடங்களில் இதைவிட நல்லது.

தடுப்பணைகள்

இந்த ஆறுகளில் ரேப்பிடை விட அதிகம் அஞ்ச வேண்டியது மனிதர் கட்டியவற்றுக்கு. சாலிப்புழாவில் செம்புகடவு சிறு நீர்மின் திட்டம் இருக்கிறது. தடுப்பணைகளும் தாழ்வான பாலங்களும் உண்டு. வெள்ளத்தில் தடுப்பணை மேலிருந்து பார்க்க வழவழப்பான கோடாக, அழகாகவே தெரியும். கீழே கரையிலிருந்து கரைவரை ஒரே சீரான ஹோல். முனை என்று ஒன்று இல்லாததால் வெளியேற வழியும் இல்லை. பலகை பொருத்தும் தூண்கள் நடுவே இருந்தால் படகு குறுக்காகச் சிக்கும். தாழ்ந்த பாலத்தின் அடியில் நேற்று இருந்த இடைவெளி இன்று இருக்காது. எல்லாவற்றையும் முந்தின நாளே சாலை வழியாகப் போய்க் குறித்துவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மீட்டர் முன்பே ஒரு கட்டாய நிறுத்தம் தேர்ந்தெடுங்கள். அந்த நிறுத்தத்துக்குப் பக்கா எடி இல்லையென்றால் அந்தப் பகுதியே இன்றைக்கு இல்லை. அரிப்பாறை அருவியையும் துஷாரகிரி அருவிகளையும் வெள்ளத்தில் கரையிலிருந்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கவிழ்ந்தால், நீந்தினால்

கவிழ்ந்ததும் முகத்தைப் படகை ஒட்டி மடக்கிக்கொள்ளுங்கள். சுருளும் நுரையில் துடுப்புக்குப் பிடிப்புக் கிடைக்காது. ஓரிரு விநாடி பொறுத்தால் படகு கடந்து, கெட்டியான நீர் வரும். இரண்டு முறை முயன்றும் எழ முடியாவிட்டால் மூன்றாவதற்கு மூச்சை மிச்சம் வையுங்கள்.

நீந்த நேர்ந்தால் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து மிதப்பது, பாறைகளைக் கடக்கும் வரைதான். வெள்ளத்தில் அப்படியே மிதந்தால் அடுத்த ரேப்பிடுக்கும் அதே மாதிரி போய்ச் சேர்வீர்கள். எடி தெரிந்ததும் புரண்டு, குறுக்காக, முழு பலத்தோடு நீந்துங்கள். முழங்காலுக்கு மேல் நீர் இருக்கும்போது எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் நீர் உடலை மடக்கி அமுக்கிவிடும். மரம் குறுக்கே கிடந்து தவிர்க்க முடியாவிட்டால் கால் முன்னே போகக் கூடாது. தலை முன்னே வரும்படி திரும்பி, அதை நோக்கி நீந்தி, மேலே பாய்ந்து ஏறுங்கள்.

மீட்புக் கயிறோடு நிற்பவர் ரேப்பிடின் பக்கத்தில் நின்று பயனில்லை. அதன் கீழ்முனையில், கயிற்றில் தொங்குபவர் ஊசலாடி வந்து எடியில் சேரும்படியான இடத்தில் நிற்க வேண்டும். விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் ஓடும் நீரில் நீந்துபவர் 20 மீட்டரை ஆறு விநாடியில் கடந்துவிடுவார். கயிற்றைச் சுருட்டி மறுபடி எறிய 15 விநாடியாவது ஆகும், அதற்குள் அவர் 50 மீட்டர் கீழே. ஆகவே இரண்டு பேர், 15 மீட்டர் இடைவெளியில். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் பார்த்ததும், தலைக்குச் சற்று அப்பால் எறியுங்கள். பிடிப்பவர் கயிற்றைத் தோள்மேல் போட்டு மல்லாந்து படுக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. முதலில் ஆள், பிறகு படகு, கடைசியில் துடுப்பு. வெள்ளத்தில் ஓடிப்போன படகைத் துரத்தி இரண்டாவது ஆளும் மாட்டுவது எல்லா ஆறுகளிலும் நடக்கிற கதை. அது, இருவஞ்சிப்புழா போய்ச் சேரும் சாலியாற்றில் எங்காவது ஒதுங்கட்டும், கீழே உள்ள ஊர்க்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

வெளியேறிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மழைக்கால வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கேரளத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தக் காய்ச்சல் வருகிறது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்குமுன் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள், ஏறியதும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முன்தடுப்பாக டாக்ஸிசைக்ளின் எடுக்கலாமா என்று கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் வர பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஒரு மாதம் வரைகூட ஆகலாம். அதற்குள் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சலோ, கண் சிவப்போ வந்தால் சாதாரண ஜுரம் என்று விட்டுவிடாமல், ஆற்றில் இறங்கிய தேதியையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.