தெவசத்துக்குள் ஒரு நினைவு மலர்: அம்மாவின் வாழ்க்கையைத் தொகுக்கும் முறை

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கும் நினைவு மலர்களில் 'பாசத்தின் சிகரம்', 'அன்பின் இமயம்' என்று இரண்டு பக்கம் ஓடும். அந்த அம்மா எந்த ஊரில் பிறந்தார், எந்த வருஷம் வாழ்க்கைப்பட்டு வந்தார் என்பது மட்டும் இருக்காது. அவசரம்தான் காரணம். பதினாறுக்குப் படம், பெயர், ஊர், தேதிகள் போட்டு நாலு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு மலரை முதல் வருஷத் தெவசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேச்சைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய அண்ணன் தம்பி, நாத்தனார், ஓரகத்தி, கூட நடவு நட்டவர்கள் எல்லோருக்கும் வயதாகியிருக்கும். காரியத்துக்கு வந்திருக்கும்போதே நாள் பேசி வையுங்கள்.

முதல் வேலை, தேதிகளை நிலைப்படுத்துவது. ஜாதகம் இருந்தால் தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் கிடைக்கும். இங்கிலீஷ் தேதிக்கு மாற்றும்போதுதான் தவறு நடக்கிறது. சர்வதாரி என்றால் 1948 என்று எழுதிவிடுவார்கள். சர்வதாரி சித்திரையில் தொடங்கி அடுத்த பங்குனி வரை ஓடுவது. மாசியில் பிறந்தவர் என்றால் அது 1949. பள்ளிச் சான்றிதழ் வேறு தேதி சொன்னால் ஜாதகத்தை நம்புங்கள். வயது போதாத பிள்ளையைச் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியே பலருக்கும் சான்றிதழில் நிலைத்துவிட்டது.

ஜாதகம் இல்லாத வீடுதான் அதிகம். அங்கே ஊர் மறக்காத சம்பவங்களைக் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் 1952 நவம்பர் 30 புயல், 1977 நவம்பர் 12 புயல், கும்பகோணம் மகாமகம் நடந்த 1945, 1956, 1968, 1980, 1992. "புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டுவிட்டு உடனே "எந்தப் புயல்? அப்ப யாரு கைப்பிள்ளை?" என்றும் கேட்க வேண்டும். இரண்டு புயலும் ஐப்பசி-கார்த்திகை மழைக்காலத்தில் வந்தவை, பேச்சில் கலந்துவிடும்.

அடுத்து பரணில் ஏறுங்கள். பித்தளை அண்டா, குடம், எவர்சில்வர் தூக்கு இவற்றின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும், சிலவற்றில் தேதியும் இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் புளி போட்டு விளக்காதீர்கள், மிச்சமும் போய்விடும். விபூதியை விரலால் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் போட்டோ எடுங்கள். தலைப்பெழுத்து அவர் அப்பாவுடையது என்றால் பெரும்பாலும் பிறந்த வீட்டுச் சீர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எல்லாமே இப்படித் தேதியோடு பரணில் கிடக்கும். மொய் நோட்டையும் விடாதீர்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எவ்வளவு எழுதினார் என்பதிலிருந்து விட்டுப்போன உறவுகளைப் பிடிக்கலாம்.

பழைய பத்திரத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் அப்படியே எழுதாதீர்கள். 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. அதனால் தாலுகாவோடு வெட்டாறா, அரசலாறா, பாமணியாறா என்று பாசன ஆற்றையும் சேர்த்தால் குழப்பம் வராது.

பேச உட்காரும்போது "அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்பதற்கு மேல் வராது. வேலையைக் கேளுங்கள். குடிக்கிற தண்ணி எந்தப் படித்துறையிலிருந்து? மேட்டூர் திறந்து குறுவை நடவு வந்தால் கைப்பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்? கூலி நெல்லா, பணமா? நெல் என்றால் யார் வீட்டு மரக்காலால் அளந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ஒரு ஊரே இருக்கும். "பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை" என்பதை வீட்டுப் பெண்கள் யாராவது, தனியாக இருக்கும்போது கேட்கட்டும். தங்காத பிள்ளைகளும் வம்சாவளியில் பெயரோடு இருக்க வேண்டும். அந்த அம்மா கடைசி வரை அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்.

ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு மடித்த துண்டின் மேல், கையெட்டும் தூரத்தில் வையுங்கள். தொடக்கத்தில் பேசுபவர் பெயர், ஊர், தேதியைச் சொல்லிவிடுங்கள். நாற்பது நிமிஷத்துக்கு மேல் போனால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ஒப்பாரியைச் சாவு வீட்டில் படம் பிடிக்காதீர்கள். பாடியவரிடம் பிறகு அனுமதி கேட்டு, அவர் சம்மதித்தால் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள்.

சமையல் குறிப்பில் 'ஒரு கை' என்று எழுதினால் பேத்திக்கு உதவாது. அவரிடம் பழகிய மகளோ மருமகளோ சமைக்கட்டும். டப்பாவிலிருந்து எடுத்த ஒவ்வொரு பிடியையும் சட்டியில் போடுமுன் சமையல் தராசில் கொட்டி எடை குறியுங்கள். மூன்று தடவை சமைத்துச் சராசரி எடுங்கள். அவர் அளக்கும் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பழம்புளியா புதுப்புளியா என்றும் எழுதுங்கள், நிறமும் புளிப்பும் மாறும்.

பழைய போட்டோவை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக அச்சிடலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள், படலம் உரிந்துவிடும். சட்டத்தோடு வைத்தே எடுங்கள். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் முன்பக்கம் தடம் பதிக்கும். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நடுமடிப்பில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்க்கட்டும். பெயர்களை இரண்டாம் முறையும் பாருங்கள். நிலத் தகராறு, பங்கு விவகாரம் மலரில் வேண்டாம். உண்மை என்றாலும் தனி நோட்டில் இருக்கட்டும்.

முதலில் பத்துப் பிரதி மட்டும் டிஜிட்டலில் அடித்து, தெவசத்துக்கு ஒரு மாதம் முன்னால் பெரியவர்களுக்குக் கொடுங்கள். "அது மகாமகத்து வருஷம் இல்லடா, அதுக்கு அடுத்தது" என்று யாராவது திருத்துவார்கள். திருத்தங்களைச் சேர்த்துவிட்டு மீதியை அச்சுக்குக் கொடுங்கள்.