குமுளிக்கு ஒரு பில்: வெப்சைட் வேலைக்கு இன்வாய்ஸ் போடுவது எப்படி?

கம்பத்தில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மலைக்கு மேலே, கேரளத்தில் இருக்கிறார்கள்: குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரிகள். கோடிங் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. பில் போட யாரும் சொல்லித் தரவில்லை. என் முதல் பில் போன வேகத்தில் திரும்பி வந்தது. தனியாகத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: யாருக்கு பில்?

முன்பணம் வாங்கும் அன்றே நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் இருந்தால் அது, மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஹோம்ஸ்டே அண்ணன்’ என்று சேமித்து வைத்திருக்கும் பெயர் பில்லுக்கு ஆகாது. வேலை முடிந்த பிறகு கேட்டால், ‘சபரிமலை சீசன் முடியட்டும்’ என்று பதில் வரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை குமுளியில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

படி 2: எதில் அடிப்பது?

கூகுள் ஷீட் போதும். மாதச் சந்தா கேட்கும் பில்லிங் ஆப் எதுவும் மாதம் மூன்று பில் போடுகிறவருக்குத் தேவையில்லை. பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்; ஷீட்டின் லிங்கை அனுப்பாதீர்கள்.

படி 3: வரி வரி

நான் விழுந்த பள்ளம் இதுதான். 40,000 ரூபாய் வேலை. ‘மாநிலம் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம்’ என்று யாரோ சொன்னதை நம்பி, 18 சதவீதம் போட்டு 47,200 என்று அனுப்பிவிட்டேன். குமுளியிலிருந்து அவர்களுடைய கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

“தம்பி, இதுல ஜிஎஸ்டி நம்பர் எங்க?”

“இன்னும் எடுக்கலண்ணே.”

“அப்புறம் எந்தக் கணக்குல 7,200 கேக்குறீங்க?”

பதில் இல்லை. பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்குச் சொன்னவர் சரக்கு விற்பவர்களுக்கான விதியைச் சொல்லியிருக்கிறார். நாம் செய்வது சேவை. 2017 அக்டோபரிலிருந்தே, வெளிமாநிலத்துக்குச் சேவை செய்தாலும் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் அந்த 20 லட்சம் ஒரே பான் எண்ணில் வரும் மொத்த வரவு. அப்பா உங்கள் பெயருக்கு எழுதிவைத்த கடையின் வாடகையும் அதில் சேரும்.

ஆகவே பதிவில்லை என்றால் பில்லில் வெறும் 40,000. வரிக்கென்று ஒரு வரியே வேண்டாம். தலைப்பில் ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்றும் போடாதீர்கள்.

நான் பின்னால், கட்டாயமில்லாமலே, விருப்பப்பட்டு ஜிஎஸ்டி பதிவு எடுத்தேன். ஒரு பெரிய ரிசார்ட் உள்ளீட்டு வரி (எனக்குக் கொடுக்கும் ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) வேண்டும் என்றது. அப்போதுதான் மாநில எல்லை கணக்குக்குள் வந்தது. தேனி வாடிக்கையாளருக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9 சதவீதம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும்போது போடும் ஒரே வரி) 18 சதவீதம். மொத்தம் அதேதான், ஆனால் மாற்றிப் போட்டால் திருத்திக்கொண்டு அலைய வேண்டும். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 33 தமிழ்நாடு, 32 கேரளம். அவர் லாட்ஜிலேயே ஒரு வாரம் தங்கி வேலை செய்தேனே என்றால், செல்லாது. உங்கள் பதிவு கம்பத்தில் இருக்கிறது.

படி 4: எண், விவரம்

பில் எண் வரிசையாகப் போகட்டும், நடுவில் விடக்கூடாது. சேவைக் குறியீடு (ஜிஎஸ்டியில் ஒவ்வொரு வகைச் சேவைக்கும் உள்ள எண்): வெப்சைட் வடிவமைப்புக்கு 998314, ஹோஸ்டிங்குக்கு 998315. இரண்டையும் தனித்தனி வரியில் போட்டால், அடுத்த வருடம் ஹோஸ்டிங் புதுப்பிக்கும்போது ‘இது எதுக்கு மறுபடியும்?’ என்ற சண்டை வராது.

படி 5: குறைந்து வரும் பணம்

அந்த ரிசார்ட்டுக்கு பதிவுக்கு முன்பே ஒரு பில் போட்டிருந்தேன், 60,000. பிப்ரவரியில் 54,000 வந்தது. பேரம் பேசாமலே ஆறாயிரத்தை அமுக்கிவிட்டார்கள் என்று ஒரு வாரம் கொதித்தேன். அது டிடிஎஸ், பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, 10 சதவீதம். நம் பெயரில் அரசிடம் கட்டப்படும் பணம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஜூலையில் 26ஏஎஸ்-ஐ (நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் பட்டியல்) திறந்தால் அந்த ஆறாயிரம் இல்லை. பில்லில் என் பான் எண்ணில் இரண்டு இலக்கங்களை நானே இடம் மாற்றி அடித்திருக்கிறேன்! யார் கணக்கிலோ வரவு. அவர்கள் திருத்தம் தாக்கல் செய்து அது எனக்கு ஏறுவதற்குள் ஓணம் வந்து போய்விட்டது. பான் எண்ணைக் கையால் அடிக்காதீர்கள். ஷீட்டில் ஒரு முறை சரிபார்த்து, அந்தக் கட்டத்தைப் பூட்டிவிடுங்கள்.

சின்ன ஹோம்ஸ்டேக்காரர்கள் பெரும்பாலும் டிடிஎஸ் பிடிப்பதில்லை. நிறுவனங்களும் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும்; ஆண்டுக்கு 30,000 என்றிருந்த அந்த வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 50,000 ஆனது. ஜிஎஸ்டியைத் தனி வரியில் காட்டியிருந்தால் உங்கள் கூலியின் மீது மட்டும்தான் பிடிக்க வேண்டும். சிலர் மொத்தத்தின் மீதும் பிடித்துவிடுகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு போடியிலிருந்து ஒருவர் கேட்டார்: ஏலக்காய் முதலாளிக்குப் போடியிலும் கடை, வண்டன்மேட்டிலும் கடை; 33, 32 என்று இரண்டு எண்கள். எதற்கு பில்? வேலை எந்தக் கடைக்கு, ஆர்டர் கொடுத்தது எந்தக் கடை என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் போதும். கேட்டவர் இரண்டு எண்ணையும் ஒரே பில்லில் போட்டு அனுப்பியிருந்தாராம். அதுவும் திரும்பி வந்திருக்கிறது.