ஊருக்குப் போனால் எங்கே உட்கார்ந்து கதை கேட்பது?

கந்தசஷ்டியின் ஆறாம் நாள், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்க் கோயில் வீதியில் சூரன் போர். மழை விட்டு அரை மணித்தியாலம் இருக்கும், காலுக்குக் கீழே சேறு. இளந்தாரிகள் சூரனின் உருவத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தார்கள். இடையிடையே சூரனின் தலை மாறியது. அப்போது ஒன்பது வயதான என் மகன், "ஏன் தலையை மாற்றுகிறார்கள்?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது அரைகுறை. பக்கத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஆச்சிதான், சுண்டால் அளந்து சரையில் கொட்டியபடியே சொல்லத் தொடங்கினார்.

"முதல் வந்தது யானைமுகத்துத் தாரகன், மோனை. கடைசித் தம்பி. பிறகு சிங்கமுகன். இனித்தான் பெரியவர் வருவார், பார்."

பெரியவர் வந்தார், மாமரமானார். மரம் இரண்டாகப் பிளந்து சேவலும் மயிலும் ஆனது. "அப்ப சூரன் சாகேல்லையா?" என்றான் மகன். "எங்க செத்தவன்? ஒரு பாதியைக் கொடியில வைச்சார், மற்றப் பாதியில ஏறி இருந்திட்டார்" என்றார் ஆச்சி.

அதற்கு இரண்டு வருடம் முன்பு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேருக்கு அதே மகனைக் கூட்டிப் போயிருந்தேன். வீடு திரும்பியபின் அவனுக்கு நினைவில் இருந்தது ஐஸ்கிரீமும் சனமும் மட்டும்தான். ஆச்சியின் கதையை இன்றைக்கும் ஒப்பிப்பான். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்: பெரிய நாளைத் தேடி ஓடாமல், கதை நடக்கிற இடத்தைத் தேடிப் போங்கள்.

எந்த விடுமுறைக்கு எந்தக் கதை

நம்மில் பலருக்குப் பாடசாலை விடுமுறைதான் பஞ்சாங்கம். கோடை விடுமுறையில் போனால் நல்லூர் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். தேரன்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. நடுவில் ஒரு சாதாரண நாள் பின்னேரம் போங்கள். சுவாமி வெளிவீதி சுற்றி வருவதை மணலில் நின்று ஆறுதலாகப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்கும் முதியவரிடம் இன்றைக்கு என்ன வாகனம், ஏன் என்று கேட்கலாம். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம். இதைப் பையன்களுக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் அழுகை வரும், எங்களுக்கு வந்தது.

யூலை நடுப்பகுதிக்கே போய்ச் சேர முடிந்தால் ஆடிப்பிறப்பும் கிடைக்கும். அன்று வீடுகளில் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்புக்குப் பாடிய பாட்டை ஊரில் படித்த எந்தப் பெரியவரும் பாதியாவது பாடிக் காட்டுவார். அவரைப் பாடவிட்டு, பிள்ளையைக் கொழுக்கட்டை பிடிக்க விடுங்கள். கொழுக்கட்டை கோணலாய் வந்தாலும் அவிக்கலாம்.

டிசம்பரில் போகிறவர்களை வெறுங்கையோடு வந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை விரதம் 21 நாள். கோயில்களில் பிள்ளையார் கதை படிப்பார்கள், கடைசி நாளில் 21 இழை நூலைக் காப்பாகக் கட்டுவார்கள். அதன்பின் வருவது திருவெம்பாவை. விடியப்புறம் எழும்ப வேண்டும், குளிரும் இருக்கும் (கனடாக்காரர் சிரிக்க வேண்டாம், கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சொல்லுங்கள்). அந்த நாட்களில் மாணிக்கவாசகரின் கதையான திருவாதவூரடிகள் புராணம் படிக்கும் கோயில்கள் உண்டு. நரியைப் பரியாக்கிய கதை எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

திகதிகளை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுக்காதீர்கள். சில கோயில்களுக்கு வாக்கிய பஞ்சாங்கம், சிலவற்றுக்குத் திருக்கணிதம். ஒரு நாள் முன்பின்னாக வரலாம். ஊரிலுள்ள உறவினரிடம் அந்தக் கோயிலின் நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திருவிழாக் காலத்தில் கொழும்பு – யாழ்ப்பாணம் ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

புராணப் படிப்பு

யாழ்ப்பாணத்துக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகள் அநேகமாகப் பார்த்திராத ஒன்று இது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தைக் கோயில் மண்டபத்தில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விரித்துச் சொல்வார். 10,000க்கு மேல் பாட்டு, ஆறு காண்டம், அதனால் மாதக்கணக்கில் போகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்க்கையையே கந்தபுராண கலாசாரம் என்று சொன்னதன் அர்த்தம் இந்தப் பாயில் உட்கார்ந்தால்தான் விளங்கும்.

முக்கியமான ஆள் பயன் சொல்பவர். பாட்டு மாறாது, அவர் சொல்வது ஊருக்கு ஊர் மாறும். சூரன் தவம் செய்த கட்டத்தில் வெளிநாடு போக நேர்த்தி வைத்த பையனைக் கொண்டுவருவார். தக்கன் வேள்வியில், அழைப்பு இல்லாமல் போன கலியாண வீட்டைக் கொண்டுவருவார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், சில வேளை மறுத்தும் கதைப்பார்கள். வள்ளியம்மை திருமணப் படலத்தோடு படிப்பு முடிகிற நாள் வீட்டுக் கலியாணம் மாதிரி இருக்கும்.

இது எல்லாக் கோயிலிலும் இப்போது நடப்பதில்லை. நடக்கிற கோயில் எது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். போகும்போது வேட்டியோ சேலையோ, குறைந்தது முழங்கால் மறைகிற உடுப்பு. பாயில் சம்மணம் கட்டி உட்காருங்கள். காலை நீட்டி ஏட்டுப் பக்கம் வைக்கக் கூடாது. பிள்ளைக்குச் செந்தமிழ்ப் பாட்டு விளங்காது, உங்களுக்கும் எனக்கும் மட்டும் விளங்கவா போகிறது? பயன் சொல்லும்போது காதைக் கொடுத்தால் போதும். அரை மணித்தியாலத்தில் பிள்ளை நெளியத் தொடங்கினால் எழும்பிப் போய்விடலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். நடுப் பாட்டில் எழும்பாமல், பயன் முடிந்ததும் எழும்புங்கள்.

கண்ணகியைத் தேடி

ஒரே கதையைப் பின்தொடர்ந்து பயணம் போக விரும்பினால் கண்ணகி கதையை எடுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஈழத்தில் பாடப்படும் கண்ணகி வழக்குரையில் கண்ணகி பாண்டியன் தோட்டத்தில் மாங்கனியாக வந்தவள். பிறகு பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள். அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறுகிறான், வழியில் வெடியரசனோடு போர்.

அந்த வெடியரசனின் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாடு நெடுந்தீவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து வள்ளம். ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல், காலையிலேயே புறப்படுங்கள், திரும்பும் வள்ள நேரத்தைப் போகும்போதே கேட்டு வையுங்கள். பவளப்பாறைக் கற்களை அடுக்கிய மதில்களும் கட்டாக்காலிக் குதிரைகளும் பார்க்கவே வடிவு. கதையை வள்ளத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளைக்கு மீகாமன் கப்பல் எதுவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் பொங்கல். நந்திக்கடல் ஓரக் கோயில். மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்தாள், விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றதற்குக் கடல் தண்ணீரை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண். இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கு எரிக்கிறார்கள். திங்கட்கிழமை இரவு முழுக்கச் சனம். தங்குமிடத்தை முல்லைத்தீவில் தேடி அலையாமல், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தங்கி வாகனத்தில் போய் வருவது சுகம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதே வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. கதவு திறப்பதில் தொடங்கி, கல்யாணக்கால் நட்டு, குளிர்த்தியில் முடியும். நாட்களுக்கிடையே வழக்குரை பாடப்படும். மதுரையை எரித்துவிட்டுக் கொதித்து வந்தவளைக் குளிர வைப்பதுதான் குளிர்த்தி. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று ஊர்கள் பல. சடங்கு நாட்களில் ஊரே மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காது, நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் துடக்கு (தீட்டு) என்றால் வெளியே நிற்பது வழக்கம். உங்களுக்கு இதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், எனக்கும் இல்லை. ஆனால் சடங்கு நடக்கும் வாசலில் வைத்து அந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள். கமராவை எடுக்குமுன் வண்ணக்கரிடமோ (கோயில் நிர்வாகி) கட்டாடியாரிடமோ (பூசகர்) கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான்.

கூத்துப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அம்மன் கோயில்களில் நேர்த்திக்காகக் காத்தவராயன் கூத்து. பாசையூர், குருநகர், மன்னார்க் கரையோரங்களில் கத்தோலிக்கக் கூத்து. இரவு தொடங்கி விடிய முடியும். ஒரு பாய், ஒரு போர்வை, பிளாஸ்கில் தேத்தண்ணி, நுளம்புக்கு ஏதாவது. பிள்ளை நித்திரையானால் தூங்கட்டும், சண்டைக் கட்டத்தில் மத்தளச் சத்தமே எழுப்பிவிடும்.

வீட்டில் கேட்பது

கடைசியில் நல்ல கதை அம்மம்மாவிடம்தான் இருக்கும். "ஒரு கதை சொல்லுங்கோ" என்று போனை நீட்டினால் ஒன்றும் வராது. "எனக்கென்ன மோனை தெரியும்" என்று எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அவர் பின்னாலேயே குசினிக்குள் போங்கள். தேங்காய் துருவக் கொடுங்கள். "உங்கட சின்ன வயசில சூரன் போருக்கு ஆர் சூரன் தூக்கினது?" என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒரு பெயர் வரும், பெயரோடு ஒரு சண்டை வரும், சண்டையோடு கதை வரும். போனை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் பதியுங்கள். பதிகிறேன் என்று முதலே சொல்லிவிடுங்கள், இரண்டு நிமிடத்தில் அவருக்கு மறந்துவிடும்.

திருவிழாக் கதை கேட்கப் போனால் இடையில் வேறு கதையும் வரும். எந்த வருடம் தேர் இழுக்கவில்லை, ஏன் இழுக்கவில்லை, அந்தச் சூரனைத் தூக்கியவர்களில் யார் இப்போது இல்லை. அப்போது கதையை மாற்றாதீர்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பவும் அவசரப்படாதீர்கள். அவர் தானாகவே நிறுத்துவார்.

புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் இரவு ஒரு நீளக் கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். முடிக்க நேரம் இருக்காது. மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறேன் என்று பிள்ளையைக் கொண்டே சொல்ல வையுங்கள். எங்கள் வீட்டில் இப்படித் தொடங்கிய பஞ்சவர்ணக்கிளிக் கதை ஏழாவது மாதமாக ஓடுகிறது. கிளி இன்னும் கூட்டுக்குள்தான் இருக்கிறது.