ரீசெல்லர் ஹோஸ்டிங்கும் டெடிகேட்டட் சர்வரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க நாகர்கோவிலுக்கு வந்திருந்தார். இருபது கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்து, அவற்றுக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்கையும் அவரே விற்கிறார். “அண்ணா, இனி டெடிகேட்டட் சர்வருக்கு மாறிவிடலாமா?” என்று கேட்டார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரைத் திறந்து பார்த்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே பிழை அங்கே இருந்தது. எளிய கடவுச்சொல் வைக்காதீர்கள் என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

டெடிகேட்டட் என்றால் அடுத்த படி என்று எண்ணுவது

ரீசெல்லர் என்பது வேறொருவரின் சர்வரில் ஒரு பங்கு. டபிள்யூஎச்எம் என்ற நிர்வாக மென்பொருள் வழியாக அதைச் சிபேனல் கணக்குகளாக, அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பக்கம் உள்ள பங்குகளாகப் பிரித்து விற்கிறீர்கள். இயந்திரத்தைப் பராமரிப்பது அதன் சொந்தக்காரர். டெடிகேட்டட் சர்வர், முழுத் தோப்பையும் பாட்டத்துக்கு எடுப்பது போன்றது. பராமரிப்பையும் சேர்த்து வாங்காவிட்டால் உரம், தண்ணீர், காவல் எல்லாம் உங்கள் தலையில். 2024 ஜூன் 30 அன்று சர்வர்களில் ஓடும் சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்தபோது, அப்படி எடுத்திருந்தவர்கள் தாங்களே வேறு இயங்குதளத்துக்கு மாற வேண்டியிருந்தது. சிபேனல் உரிமத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 2019 முதல் அது கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இருபது கடைத் தளங்களுக்கு டெடிகேட்டட் தேவையில்லை. தேர்வு முடிவு நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் பள்ளி மென்பொருள் என்றால், தேவை.

நேம்சர்வரை நிறுவனத்தின் பெயரிலேயே விடுவது

ஒரு டொமைனின் தளமும் மின்னஞ்சலும் எந்தச் சர்வரில் இருக்கின்றன என்று காட்டுவது நேம்சர்வர். ரீசெல்லர் வாங்கியதும் வரும் முதல் கடிதத்தில் இரண்டு நேம்சர்வர் பெயர்கள் இருக்கும். அவை விற்ற நிறுவனத்தின் பெயரில் இருப்பவை. அவற்றை அப்படியே வாடிக்கையாளரின் டொமைனில் எழுதிவிடுகிறார்கள். நானும் 34 டொமைன்களில் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டு அந்த நிறுவனத்தின் சர்வர் அடிக்கடி விழுந்தது. பிறகு பதில் வருவது நின்றது; டபிள்யூஎச்எம்-க்குள் நுழையவும் முடியவில்லை. எல்லாத் தளங்களின் நகலும் என்னிடம் இருந்ததால், ஒரே இரவில் வேறு இடத்தில் ஏற்றிவிட்டேன். ஆனால் 34 டொமைன்களும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து மாற்ற வேண்டும். சாவி யாரிடம்? தோவாளைப் பூ வியாபாரியின் டொமைன் மஸ்கட்டில் இருக்கும் மருமகன் கையில். குளச்சல் கடையில் கடவுச்சொல் தெரிந்த கணக்கர் திருமணமாகிப் போய்விட்டார். மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரிக்கு ஓடிபி போகும் கைபேசி எண்ணே கைவிடப்பட்டிருந்தது. வடசேரியிலிருந்து பஸ் ஏறிப் பதினொரு நாள் அலைந்தேன்.

பழைய சர்வர் விட்டுவிட்டு இயங்கியதால், அவ்வப்போது மின்னஞ்சல்கள் அதற்குள் போய் விழுந்தன. எடுக்க வழியில்லை. “மக்களே, யாரும் தேன் கேட்கவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார் அந்தப் பெரியவர். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. உங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்குங்கள். பதிவாளரின், அதாவது டொமைனை விற்ற நிறுவனத்தின் பக்கத்தில் அதன்கீழ் இரண்டு நேம்சர்வர் பெயர்களைச் சர்வரின் ஐபி முகவரியோடு (இணையத்தில் அதன் எண் முகவரி) பதியுங்கள். பெரும்பாலான ரீசெல்லர் திட்டங்கள் இதை அனுமதிக்கின்றன. எல்லா வாடிக்கையாளருக்கும் அந்தப் பெயர்களையே கொடுங்கள். நாளை இடம் மாறினால், பதிவாளரிடம் அந்த இரண்டு பெயர்களின் ஐபி-யையும், புதிய சர்வரில் அவற்றுக்கான பதிவுகளையும் மாற்றினால் போதும். டாட் காம் என்றால் பழைய ஐபி இரண்டு நாள் வரை ஆங்காங்கே நினைவில் இருக்கும். முடிந்தால் அதுவரை பழைய சர்வரை நிறுத்தாதீர்கள். அந்த ஒரு டொமைன் காலாவதியானால் எல்லோருடைய தளமும் விழும் என்பதால், அதைப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள்.

‘அன்லிமிடெட்’ என்பதை நம்புவது

இடத்துக்கு எல்லையில்லை என்று விற்றாலும், ஐநோட் எண்ணிக்கையை, அதாவது எத்தனை கோப்புகள் வரை வைக்கலாம் என்பதைக் கேளுங்கள். பெரும்பாலான சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு.

ரெய்டு இருக்கிறது, பேக்கப் வேண்டாம் என்பது

ரெய்டு என்பது ஒரே சர்வருக்குள் பல வட்டுகளில் தரவை வைப்பதுதான். பேக்கப் வேண்டும், வேறு ஊரில். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த பலர் இரண்டையும் இழந்தார்கள்.

ஒரே ஐபி-யில் யாரையும் ஏற்றுவது

ரீசெல்லரில் பொதுவாக எல்லோருக்கும் ஒரே ஐபி. ஒருவரின் தளத்தில் உள்ள பழைய வேர்ட்பிரஸ் செருகுநிரல் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) வழியாக யாரோ நுழைந்து ஸ்பாம் அனுப்பினால், கறுப்புப் பட்டியலில் ஏறுவது எல்லோருடைய மின்னஞ்சலும்தான். புதுப்பிக்க மறுப்பவரை நான் ஏற்றுவதில்லை.

தக்கலைத் தம்பி அன்று டெடிகேட்டட் சர்வர் வாங்கவில்லை. இருபது டொமைன்களும் யார் கையில் இருக்கின்றன என்று என் மேசையிலேயே அமர்ந்து எழுதினார். ஏழு பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறி இருந்தது. மறுநாள் காலை குலசேகரத்திலிருந்து தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.