கப் நமக்குத்தான்னு சொல்றதுக்கு முன்னாடி, ஸ்குவாட் பாக்கறதுல நாம பண்ற தப்புகள்

நான் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஃபுட்பால்ல ஆடற ஆர்சனல் கிளப்போட ஃபேன். கப்னு நான் சொல்றது அந்த லீக் பட்டத்தை, ஸ்குவாட்னா சீசனுக்கு டீம்ல இருக்கற மொத்த ஆளுங்க. 2004ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்காம ஜெயிச்ச டீம், அதே டீம் 2023, 2024, 2025னு வரிசையா மூணு தடவை ரெண்டாவது இடம், அதனால சந்தேகம் எங்க கூடப் பொறந்தது. சந்தேகப்படறது தப்பில்லங்க, ஆனா தப்பான இடத்துல சந்தேகப்பட்டு தப்பான இடத்துல நம்பிக்கை வெக்கறோம், நானும் அதைத்தான் பல வருஷம் பண்ணேன்.

மொத தப்பு, ப்ளேயிங் லெவனை மட்டும் பாக்கறது. சீசன் ஆரம்பிக்கும்போது பதினொரு பேரை எழுதி "எவ்ளோ சூப்பரா இருக்கு பாரு"ன்னு சந்தோஷப்படுவோம். 2022-23ல எங்க லெவன் உண்மையிலேயே சூப்பர்தான், மார்ச் மாசம் டேபிள்ல மொத இடம். மார்ச் 16 போர்ச்சுகல் கிளப் ஸ்போர்ட்டிங் கூட ஆடின மேட்ச்ல எங்க டிஃபெண்டர் சாலிபாவுக்கு முதுகுல அடி, அந்த சீசன்ல அப்புறம் அவர் ஆடவே இல்ல. சாலிபா வேகமா ஓடி பின்னாடி கவர் பண்ணுவார்ங்கற தைரியத்துலதான் மொத்த டீமும் மேல ஏறி நின்னு ஆடுச்சு, அவர் இல்லாதப்ப டிஃபென்ஸ் லைன் ரெண்டு அடி பின்னாடி போச்சு, மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல ஓட்டை விழுந்துச்சு. அவருக்கு பதிலா உள்ள வந்த ஹோல்டிங் மேல எனக்கு கோவமே இல்ல, அவர் வேற மாதிரி டிஃபெண்டர், அவரை அந்த ஆட்டம் ஆடச் சொன்னா எப்படி?

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். லிவர்பூல் கூட 2-0 லீட், 2-2. வெஸ்ட் ஹாம் கூட மறுபடி 2-0 லீட், மறுபடி 2-2. கடைசி இடத்துல கிடந்த சவுத்தாம்ப்டன் கூட சொந்த கிரவுண்டுல மேட்ச், அரை நிமிஷம் கூட ஆகல, கீப்பர் போட்ட பாஸ் நேரா எதிராளி கால்ல, கோல். அது 3-3ல முடிஞ்சுது. அடுத்தது மான்செஸ்டர் சிட்டி கிட்ட 4-1 தோல்வி. கடைசில அவங்க 89 பாயிண்ட், நாங்க 84, கப் அவங்களுக்கு.

இது எங்க டீமுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. 2023-24ல சிட்டி லீக்ல தோத்தது மொத்தம் 3 மேட்ச், மூணுலயும் அவங்க மிட்ஃபீல்டர் ரோட்ரி ஆடல. அடுத்த சீசன் செப்டம்பர்லயே அவருக்கு முழங்கால் போச்சு, தொடர்ந்து 4 வருஷம் ஜெயிச்ச டீம் மூணாவது இடத்துக்கு இறங்குச்சு.

அதனால நான் இப்போ ஒரு பேப்பர் எடுத்து பதினொரு இடத்துக்கும் கீழ ரெண்டாவது பேர் எழுதுவேன். எழுதும்போதே ஒரு திருட்டுத்தனம் வெளிய வரும், ஒரே ஆளை மூணு இடத்துக்கு பேக்கப்னு போட்டிருப்போம். அவரை ஒரு இடத்துல மட்டும் வெச்சுட்டு மத்த ரெண்டையும் அடிச்சுப் பாருங்க, அங்க தெரியற காலி இடம்தான் உங்க டீமோட உண்மையான பிரச்சனை.

ரெண்டாவது, செலவு பண்ண காசை வெச்சு கணக்கு போடறது. செல்சி 2022-23ல ரெண்டு விண்டோ (ஆளுங்களை வாங்கி விக்கற சம்மர், ஜனவரி சமயம்) சேத்து 50 கோடி பவுண்டுக்கு மேல கொட்டி 12வது இடம் வந்தாங்க. லிவர்பூல் 2024 சம்மர்ல அந்த சீசனுக்குன்னு வாங்கினது கியேசா ஒருத்தரை, அவரும் லீக்ல பெருசா ஆடல, ஆனா கப் அவங்களுக்கு. காசுன்னு வந்தா இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும், 10 கோடிக்கு 5 வருஷ கான்ட்ராக்ட்ல ஒருத்தரை வாங்கினா கிளப் கணக்குல வருஷத்துக்கு 2 கோடிதான் செலவா ஏறும், ஆனா அகாடமில வளந்த பையனை வித்தா வர்ற தொகை மொத்தமும் அந்த வருஷமே லாபம். எங்க அகாடமில வளந்த ஸ்மித் ரோவையும் என்கெட்டியாவையும் 2024ல வித்தப்போ நான் கண்டபடி திட்டினேன், வருத்தம் இன்னும் இருக்கு, ஆனா ஏன் வித்தாங்கன்னு இப்போ புரியுது. சம்மர்ல கனவு லிஸ்ட் போடறவங்க 25 பேர் லிஸ்ட்ல வெளிநாட்டுல வளந்த ஆளுங்க 17க்கு மேல கூடாதுங்கறதையும் மறந்துடறாங்க, அது தனி காமெடி.

அடுத்து எல்லாத்துக்கும் ஒரே மருந்து, "ஸ்ட்ரைக்கர் வாங்கு". 2023-24ல பெரிய நம்பர் 9 (மெயின் ஸ்ட்ரைக்கர்) இல்லாமலேயே நாங்க 91 கோல் போட்டோம், 2 பாயிண்ட்ல கப் போச்சு, அந்த வருஷம் ஸ்ட்ரைக்கர் இல்லாததுதான் காரணம்னு சொன்னா நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ஆனா அடுத்த சீசன் அதே புலம்பல் கரெக்ட். 2025 ஜனவரில எங்க ஸ்ட்ரைக்கர் ஜீசஸுக்கு முழங்கால் போச்சு, விண்டோ தொறந்துதான் இருந்துச்சு, யாரையும் வாங்கல, பிப்ரவரில விண்டோ மூடின கொஞ்ச நாள்ல முன்னாடி ஆடிட்டிருந்த ஹாவெர்ட்ஸுக்கும் தொடை போச்சு. லெஸ்டர் மேட்ச்ல மிட்ஃபீல்டர் மெரினோவை முன்னாடி நிறுத்தினாங்க, அவர் ரெண்டு கோல் போட்டு காப்பாத்தினார், நாங்க சிரிச்சுட்டே கொண்டாடினோம், உள்ளுக்குள்ள எல்லாருக்கும் தெரியும் இது எத்தனை நாள் ஓடும்னு. சீசன் முடிவுல 14 டிரா, 69 கோல். ரெண்டு வருஷமும் நாங்க கேட்டது அதேதான், ஒரு வருஷம் அது பழக்கம், இன்னொரு வருஷம் அது நிஜமான தேவை.

"போன வருஷம் ரெண்டாவது, அப்போ இந்த வருஷம் மொத இடம்"ங்கறது இன்னொரு நம்பிக்கை. நாங்க 2023-24ல 89 பாயிண்ட் எடுத்தும் பத்தல, லிவர்பூல் அடுத்த வருஷம் 84ல ஜெயிச்சாங்க, 2018-19ல அதே லிவர்பூல் 97 எடுத்து ரெண்டாவது. நம்ம ஸ்குவாட் எவ்ளோ நல்லா இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் எப்படி இருக்கான்ங்கறதுதான் பாதி கதை.

சின்ன ஸ்குவாட் வெச்சே லீக் ஜெயிச்ச லெஸ்டரை உதாரணமா இழுக்கறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். 2015-16ல அவங்களுக்கு ஐரோப்பா மேட்ச் கிடையாது, லீக் தவிர நடக்கற நாக்-அவுட் கப் போட்டிகள்ல சீக்கிரமே வெளிய வந்துட்டாங்க, அதனால வாராவாரம் கிட்டத்தட்ட அதே பதினொரு பேரை இறக்க முடிஞ்சுது. இப்போ ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆடற டீமுக்கு மொத ரவுண்டே 8 மேட்ச், அந்த மாதிரி சின்ன ஸ்குவாட் வெச்சா டிசம்பர்லயே மூச்சு வாங்கும்.

கடைசியா, புது ஆளை அக்டோபர்லயே ஃபிளாப்னு முத்திரை குத்தாதீங்க. டிஃபெண்டர் ராபர்ட்சன் 2017ல ஹல் கிளப்புல இருந்து 80 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூலுக்கு வந்தார், டிசம்பர் வரைக்கும் பெரும்பாலும் பெஞ்ச்லதான், அப்புறமும் அதே இடத்துல ஆடிட்டிருந்த மொரேனோவுக்கு அடிபட்டதாலதான் சான்ஸ் கிடைச்சுது. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷத்துல சாம்பியன்ஸ் லீக் கையில.